3.2 என்னும் எண்

அகராதி ஒரு சொல்லின் பொருளைப் பிறழக் கூறினாற் கற்போர் மயங்குவர். சட்டம் அங்ஙனம் கூறினாலோ நாடே அதன் பயனை நுகரும். இதற்குத் தக்க சான்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பீர் என்னும் மதுவைப் பற்றி எழுந்த விதிகளாம். ஒரு தேசத்தினுள்ளேயே, இராச்சியத்துக்கு இராச்சியம் அதன் வலிமையும் அது விற்கப்படும் இடமும் வேறுபட்டமை எக்காரணத்தால் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1920-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அந்நாடெங்கும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அரசியலமைப்பின் பதினெட்டாந் திருத்தம் 'வெறியூட்டும் மது' என்று மாத்திரம் கூறிற்று. எது வெறியூட்டும் என்பதை வால்ஸ்டெட் சட்டம் வரையறுத்து, நூற்றுக்கு அரைப் பங்கு சாராயச் சத்துடைய பானமும் விலக்குக்கு உட்பட்டதே என்றது. 1933-இல் ரூஸ்வெல்ட் தலைமைப் பதவி ஏற்றபோது மக்கள் மனம் மாறியிருந்தது. ஆயினும் திருத்தத்தை நீக்குதற்கு இராச்சியங்களின் இசைவு வேண்டும். அதற்குக் காலமும் வேண்டும். ஆகவே சட்டமன்றத்தார் எளியதொரு வழி கண்டனர். எடையில் நூற்றுக்கு 3.2 பங்கு வரை சாராயச் சத்துடைய பீர் வெறியூட்டுவதன்று என்று விதித்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் அது விற்பனைக்கு வந்தது. டிசம்பர் 5-ஆம் நாள் இருபத்தோராந் திருத்தம் நிறைவேறி மதுவிலக்கை நீக்கியதோடு, மதுவை ஆளும் உரிமையை அவ்வவ் இராச்சியத்தின் கையிலேயே விட்டது. வேற்றுமைகட்கெல்லாம் வேர் இதுவே.

இவ்வெண் எடையைக் குறிப்பது என்பதை மறத்தலாகாது. சாராயம் நீரினும் இலேசானது. ஒரே அளவான நீரின் எடையில் அது ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே நிறுக்கும். ஆதலின் எடையில் 3.2 என்பது கொள்ளளவில் 4 ஆகும். சாதாரண அமெரிக்க பீரோ கொள்ளளவில் 5 அளவினது. பெயரளவில் தோன்றும் வேற்றுமை கோப்பையில் அவ்வளவாக இல்லை.

எனினும் சட்டம் இச்சிறு வேற்றுமையின்மேற் பெரியதொரு மாளிகையை எழுப்பிற்று. ஓக்லஹோமா 1959 வரை மதுவிலக்கை விடாது போற்றியும், 'வெறியூட்டாதது' என்ற பெயரால் 3.2 பீரை விற்க இசைந்தது. பின்னரும் அவ்விராச்சியத்தில் மளிகைக் கடைகளில் 3.2 பீரே கிடைக்கும். அதனினும் வலியதை மதுக்கடையில், அதுவும் குளிரூட்டாமலே, விற்றல் வேண்டும். தெற்கே ஜார்ஜியா வேறு வகையாகக் கொள்ளளவில் 6 என்று எல்லை கட்டியிருந்து, 2004-இல் அதனை 14 ஆக உயர்த்திற்று. மிசிசிப்பியோ 1966 வரை இராச்சிய மதுவிலக்கையே கைக்கொண்டிருந்தது.

இவ்வெண் நீதிமன்றத்தையும் எட்டியது. ஓக்லஹோமாவில் 3.2 பீரை வாங்கப் பெண்களுக்கு 18 வயது போதும்; ஆண்களுக்கோ 21 வேண்டும். கிரெய்க் என்னும் கல்லூரி மாணவரும் ஒரு பெண் வணிகரும் இதனை எதிர்த்தனர். குடித்து வண்டியோட்டிப் பிடிபட்ட இளைஞர் நூற்றுக்கு இருவரே. இவ்விருவர் பொருட்டு ஏனையோரையும் தடுத்தல் பொருந்துமோ என்பது வினா. பொருந்தாதென 1976-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பால்வேற்றுமை காட்டும் சட்டம் எதுவாயினும் தக்க நோக்கமும், அந்நோக்கத்தோடு நெருங்கிய தொடர்பும் உடையதாதல் வேண்டுமென்னும் நெறி அதனால் நிலைபெற்றது. தெற்கு டக்கோட்டா 19 வயதினருக்கு 3.2 பீர் விற்க இசைந்திருந்தது. குடிவயதை 21 ஆக்காத இராச்சியத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைக்க 1984-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. அவ்விராச்சியம் தொடுத்த வழக்கில், நிறுத்திவைத்தல் முறையே என்று 1987-இல் தீர்ப்பாயிற்று. கட்டளையிட இயலாத விடத்துப் பணத்தைக் கொண்டு இணங்குவிக்கலாம் என்பது இதன் கருத்து.

இறுதியில் அவ்வெண்ணின் ஆட்சி தளர்ந்தது. ஓக்லஹோமா 2018 அக்டோபரிலும், கொலராடோ 2019 சனவரியிலும், கான்சாஸ் அவ்வாண்டு ஏப்ரலிலும், யூட்டா நவம்பரிலும் மளிகைக் கடை விதியை மாற்றின. யூட்டா கொள்ளளவில் 5-க்கு மேற் செல்லவில்லை. கான்சாஸ் 6 வரை இசைந்தது. மினசோட்டா அவற்றோடு சேராது பழைய எண்ணையே பற்றி நின்றது.

சில திங்கட்கென அவசரத்தில் இயற்றிய வரையறை எண்பத்தைந்தாண்டு வாழ்ந்தது. ஆண் பெண் சமத்துவமும், நடு அரசுக்கும் இராச்சியங்கட்கும் உள்ள உறவும் அதனைச் சார்ந்தே ஆராயப்பட்டன. சட்டஞ் செய்வோர் ஓர் எண்ணை எழுதுமுன், அது தம் காலத்துக்குப் பின்னும் பேசும் என்பதை எண்ணுதல் நன்று.