தரைமூடிச் செடி: விதையை ஏமாற்றும் நிழல்

களை பிடுங்கி அலுத்தவர்களுக்கு எல்லாரும் சொல்லும் யோசனை, "தரையை மூடுற மாதிரி ஏதாவது கொடி வைங்க". எந்தக் கொடி? அதற்கு முன் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

வெயிலை மறைத்துக் களையைப் பட்டினி போடுகிறது என்பது பாதி விடைதான். மீதி விதைக்குள் இருக்கிறது. 1952-இல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் லெட்டூஸ் விதைகளுக்கு மாற்றி மாற்றி ஒளி காட்டினார்கள். சிவப்பு ஒளி பட்டால் முளைத்தது. அடுத்து தூரச்சிவப்பு (சிவப்புக்கு அப்பால், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒளி) பட்டால் முளைப்பது நின்றது. எத்தனை தடவை மாற்றினாலும் கடைசியாகப் பட்ட ஒளிதான் முடிவு செய்தது. அசல் சுவிட்ச்! அந்த நிறமிக்குப் பிறகு ஃபைட்டோகுரோம் என்று பெயர் வந்தது.

பச்சை இலை சிவப்பை உறிஞ்சிக்கொண்டு தூரச்சிவப்பைக் கீழே விட்டுவிடும். பல களைகளின் பொடி விதைகளுக்கு அது 'மேலே இடமில்லை, தூங்கு' என்ற செய்தி. மண்ணைக் கொத்தினால் புதைந்த விதைக்கு வெளிச்சம் கிடைத்துவிடும். கொத்திய இடத்தில் சீக்கிரமே புதுக் களை வருவது அதனால்தான்.

ஆகவே பூ அழகைவிட, இடைவெளி விடாமல் மூடுமா என்பதே முதல் கேள்வி. நல்ல வெயிலுக்குச் சர்க்கரைவள்ளி. கிழங்கு லாபம், ஆனால் தோண்டியதும் தரை திறந்துவிடும். ஒரு பருவத்துக்குத் தட்டைப்பயறு. காற்றுத் தழைச்சத்தையும் வேர் முடிச்சில் சேர்க்கும். அரைநிழலும் ஈரமும் உள்ள இடத்தில் வல்லாரை. ஆள் நடக்கும் வெயில் இடத்தில் பொடுதலை. செடிகள் ஒன்றோடொன்று தொடும்வரை நடுவில் காய்ந்த சருகு போட்டு வையுங்கள்.

கோரை மட்டும் இந்த ஏமாற்றுக்கு மசியாது. அது முக்கியமாகக் கிழங்கிலிருந்து வருகிறது, பிளாஸ்டிக் விரிப்பையே குத்திக்கொண்டு வெளியே வரும். முதலில் கிழங்கோடு தோண்டி எடுக்கணும். அப்புறம் அடர்ந்த கொடி போட்டால், நிழல் பிடிக்காத கோரை மெலியும்.

கடைசியாக, மஞ்சள் பூப் பூக்கும் வெடெலியா. வேகமாக மூடும், கேட்கவே வேண்டாம். ஆனால் மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த இந்தக் கொடி, உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. வெட்டிப்போட்ட தண்டுத் துண்டே வேர்விடும். வாய்க்காலில் விழுந்தால் அடுத்த ஊர்வரை போகும். நம் வேலி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. களைக்கு மருந்தாக இன்னொரு களையை வாங்கி நட வேண்டாம்.