உங்களுக்குத் தெரியுமா? கை விரலை நிமிர்த்தும் காலின் நாண்

தொழுநோயால் பருந்தின் நகம்போல மடங்கிப்போன கைவிரல்களை நிமிர்த்த, கெண்டைக்காலிலிருந்து ஒரு தசைநாணை எடுத்துத் தைக்கலாம். இந்தச் சிகிச்சை வளர்ந்த இடம் நம் வேலூர். கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொழுநோயாளியைத் தொடவே பலர் அஞ்சிய காலம் அது.

நோய் முழங்கையருகே ஓடும் நரம்பைத் தாக்கினாலும், மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள் பெரும்பாலும் பலத்தோடு இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்தாலும் மணிக்கட்டு தொங்கிவிடாது. அந்தத் தசையின் நுனியை விடுவித்து, காலிலிருந்து எடுத்த மெல்லிய, நீண்ட பிளாண்டாரிஸ் நாணை அதனோடு இணைப்பார்கள். பிறகு அதை நான்கு இழையாகப் பிரித்து, விரலுக்கு ஒன்றாக உள்ளங்கை வழியே கொண்டுபோய்த் தைப்பார்கள். (சிலருக்குப் பிறவியிலேயே இந்த நாண் இருக்காது. அப்போது தொடையின் நார்ப்படலம் உதவும்.)

கத்தி வேலை பாதிதான். மணிக்கட்டைத் தூக்கிப் பழகிய தசைக்கு விரலை அசைக்கக் கற்றுத்தர வாரக்கணக்கில் பயிற்சி தேவை.

தொடு உணர்ச்சி மட்டும் திரும்பாது. விரல்கள் குறைவது தசை தானாக அழுகுவதால் அல்ல. வலி தெரியாத கையில் படும் சூடும் வெட்டும் தொற்றும்தான் காரணம் என்பதை அழுத்தமாக எடுத்துக்காட்டியவரும் பிராண்ட்தான். அறுவையைவிட இதையே பெரிய கொடையாக நினைக்கிறேன். கொதிக்கும் பாத்திரத்தைத் துணி சுற்றிப் பிடிப்பதும், இரவில் கையைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பதும் விரல்களைக் காப்பாற்றும்.