பதில் வரவில்லை என்றால் உணர்வு இல்லை என்றாகுமா?

கண் திறந்திருக்கும், தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும், ஆனால் கூப்பிட்டால் திரும்பமாட்டார், கையை அசைக்கச் சொன்னால் அசைக்கமாட்டார். கோமாவிலிருந்து மீண்ட பின்னும் இப்படியே தங்கிவிடுபவர்களின் நிலைக்கு 1972இல் பிரையன் ஜென்னட்டும் ஃபிரெட் பிளம்மும் 'தாவர நிலை' என்று பெயரிட்டார்கள். விழிப்பு உண்டு, உணர்வு இல்லை என்பது அதன் இலக்கணம். விழிப்பைக் கண்ணால் பார்க்கலாம். உணர்வு இல்லை என்பதோ, பதில் வராததை வைத்து நாமே ஊகித்துக்கொண்டது. கைகாலையும் நாக்கையும் இயக்க முடியாதவர் எதைக்கொண்டு பதில் சொல்வார்?

மூளையைக்கொண்டே சொல்லலாம் என்று 2006இல் காட்டினார் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த ஏட்ரியன் ஓவன். விபத்துக்குப் பின் ஐந்து மாதமாக இந்நிலையில் இருந்த 23 வயதுப் பெண்ணிடம், மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். அசைவைத் திட்டமிடும் மூளைப்பகுதி இயங்கியது. வீட்டுக்குள் நடப்பதாக எண்ணச் சொன்னபோது இடமறியும் பகுதிகள் இயங்கின. நலமாக இருப்பவர்களிடம் கண்டதும் இதுவே. 'டென்னிஸ்' என்ற சொல் காதில் விழுந்ததும் மூளை அனிச்சையாக இயங்கியிருக்கலாமே என்றார்கள் சிலர். நியாயமான ஐயம்தான். ஆனால் அனிச்சை இயக்கம் சீக்கிரம் அடங்கிவிடும். இது அரை நிமிடம், ஓய்வெடுக்கச் சொல்லும்வரை நீடித்தது. 2010இல் வெளியான ஆய்வில் நோயாளி ஒருவர் 'ஆம்' என்பதற்கு டென்னிஸையும் 'இல்லை' என்பதற்கு வீட்டையும் நினைத்து, ஆறு கேள்விகளில் ஐந்துக்குச் சரியாகப் பதில் சொன்னார்.

விதிவிலக்கு என்று இதை ஒதுக்கவும் முடியாது. 2024இல் வெளியான பெரிய ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக இணங்காத 241 பேரில் 60 பேரின் மூளை, எஃப்.எம்.ஆர்.ஐ.யிலோ மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யிலோ இணங்கியது. மீதி 181 பேருக்கு உணர்வில்லையா? அதே ஆய்வில், படுக்கையருகே கட்டளைக்கு இணங்கிய 112 பேரில் 43 பேரைத்தான் கருவிகள் கண்டுபிடித்தன. கருவி 'உண்டு' என்றால் நம்பலாம். அது பேசாமல் இருந்தால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

இப்படிச் சோதிப்பது குடும்பத்துக்கு வீண் நம்பிக்கை ஊட்டுவதாகாதா என்று கேட்கலாம். உணர்வு இருப்பது வேறு, குணமாவது வேறு. உணர்வு இருந்தால் வலியும் இருக்கலாம். அதை அறியாமல் சிகிச்சையைத் தொடர்வதும் நிறுத்துவதும் குருட்டு முடிவுகளே. ஸ்கேன் செலவைச் சொல்பவர்களுக்கும் பதில் உண்டு. 2009இல் ஒரு குழு, தாவர நிலை என்று மருத்துவர்கள் ஒருமனதாக முடிவுகட்டிய 44 பேரை முறைப்படுத்திய அளவுகோலால் மறுபடி சோதித்தது. 18 பேரிடம் உணர்வின் அடையாளம் தெரிந்தது. அதற்கு ஸ்கேன் தேவைப்படவில்லை. நோயாளியின் முகத்துக்கு நேரே கண்ணாடியை மெல்ல நகர்த்தி, தன் உருவத்தைக் கண் பின்தொடர்கிறதா என்று பார்ப்பதும் அந்த அளவுகோலில் ஒரு சோதனை. ஒருமுறை பார்த்தால் போதாது. இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது பார்க்க வேண்டும்.