நீரை விட்டு எழும் படகு

அமெரிக்க ஏரிகளில் பாஸ் என்னும் நன்னீர் மீனைப் பிடிக்கப் போகும் படகைப் பார்த்தால், தூண்டில் போடுபவருக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்றுதான் தோன்றும். இருபது, இருபத்தோரு அடி நீளம். பின்பலகையில் 250 குதிரைத்திறன் அவுட்போர்டு என்ஜின். மணிக்கு 110 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். 1967-இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் ரே ஸ்காட் என்பவர் தொடங்கிவைத்த பாஸ் மீன்பிடிப் போட்டிகள்தான் இதற்கு முக்கியக் காரணம். போட்டி நேரம் அளந்து தரப்படுகிறது. பயணத்தில் மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் மீனுக்கு.

குதிரைத்திறன் மட்டும் இந்த வேகத்தைத் தராது. முழு வேகத்தில் படகு ஏறக்குறைய நீரை விட்டு எழுந்துவிடும்; அடிப்பக்கத்தின் பின்நடுவில் உள்ள குறுகிய தட்டைப் பகுதி மட்டும் நீரை உரசிக்கொண்டிருக்கும். என்ஜினையும் ஏற்றி இறக்க உதவும் ஜாக் பிளேட் என்னும் தாங்கியில் பொருத்தி, கால் அங்குலம் அரை அங்குலமாக ஏற்றிப் பார்ப்பார்கள். என்ஜினின் அடியில் நீருக்குள் இருக்கும் கியர் பெட்டி மேலேற ஏற நீரின் இழுவை குறையும். ஆனால் என்ஜினைக் குளிர்விக்கும் நீர் உள்ளே போவதும் அந்தப் பெட்டியில் உள்ள துளைகள் வழியாகத்தான். அளவு மீறி ஏற்றினால் நீரோடு காற்றும் புகும், என்ஜின் சூடேறிக் கெடும். வேகமானியில் கண் வைப்பவர்கள் நீரழுத்தமானியை மறந்துவிடுகிறார்கள். என் கணக்கில் அதுதான் முதல் மானி.

அடுத்தது புரொப்பெல்லர். அதன் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் அது முன்னேறவேண்டிய கணக்குத் தூரம், ஓர் அங்குலம் கூடினால், நிமிடச் சுற்று ஏறத்தாழ 150 முதல் 200 வரை குறையும். முழுத் த்ராட்டிலில், தயாரிப்பாளர் குறித்த சுற்று வரம்பின் மேல்பகுதியில் என்ஜின் நிற்கவேண்டும். இதை வெறும் படகில் சோதித்துப் பயனில்லை. இரண்டு ஆள், நிறைந்த எரிபொருள், மீன் தொட்டியில் தண்ணீர் எல்லாம் இருக்கவேண்டும்.

டிரிம்மை, அதாவது என்ஜினின் சாய்வை, உயர்த்த உயர்த்த முகப்பு எழும், வேகம் கூடும், பிடிமானம் குறையும். ஒரு கட்டத்தில் படகு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். விட்டால் ஆட்டம் வளர்ந்து ஆளையே தூக்கி எறியும். புதியவர் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டாமல் த்ராட்டிலை மெல்லக் குறைத்து, டிரிம்மைச் சற்று இறக்கவேண்டும். த்ராட்டிலைச் சட்டென்று மூடினால் முகப்பு நீரில் குத்தும்.

ஓட்டுபவர் விழுந்தால் என்ஜின் நிற்காது. ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ள, படகு வட்டமடித்து விழுந்தவர்மீதே வரக்கூடும். லைஃப் ஜாக்கெட்டில் மாட்டிய கயிறு இழுபட்டதும் என்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச் இதற்காகத்தான். 26 அடிக்குக் குறைந்த படகுகள் வேகமெடுத்து ஓடும்போது இதைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்ற அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் 2021 ஏப்ரல் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஸ்காட்டின் போட்டிகளில் கில் சுவிட்ச் அந்தச் சட்டத்துக்கு வெகு முன்பே விதி.