பற்றவும் விடவும்

2009 ஆகஸ்டில் பெர்லின் மைதானத்தில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் கடந்ததை உலகமே பார்த்து வியந்தது. அவர் தொடைக்குள் நிகழ்ந்த பேரதிசயத்தை ஒருவரும் பார்க்கவில்லை. கிளம்பிவிட்ட பேருந்தைப் பிடிக்க ஓடும் நம் தொடைக்குள்ளும் அதுவேதான் நிகழ்கிறது, நாமும் பார்ப்பதில்லை.

ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமனே உள்ள தசையிழை. அதனுள் கோடி கோடியாய் மயோசின் மூலக்கூறுகள், எதிரே நீண்டு கிடக்கும் ஆக்டின் இழைகளைப் பற்றி, இழுத்து, விட்டு, மறுபடி பற்றி நம்மை முன்னே செலுத்துகின்றன. ஒவ்வோர் இழுப்புக்கும், உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவு. இதில் மெய்சிலிர்க்க வைப்பது ஒன்றுண்டு. ஏடிபி வந்து ஒட்டினால்தான் மயோசின் தன் பிடியை விடும். பற்றுவதற்கு மட்டுமல்ல, விடுவதற்கும் உயிர்ச்சக்தி வேண்டும்! உயிர் பிரிந்த சில மணி நேரத்தில் உடல் விறைப்பது, அந்தச் சக்தி தீர்ந்து, பற்றியவை பற்றியபடியே நின்றுவிடுவதால்தான்.

இத்தனை அரிய பொருளைத் தசை எவ்வளவு சேர்த்து வைத்திருக்கும்? முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மூன்று நொடிக்கு, அவ்வளவே. உடல் முழுதும் துழாவினாலும் கால் கிலோ தேறாது. ஆனால் ஒரே நாளில் ஏறக்குறைய நம் எடையளவு ஏடிபியை உடல் ஆக்கிச் செலவழித்துவிடுகிறது. பரண் நிறையச் சேர்த்தும் போதாதென்று தவிக்கும் நம்மைச் சற்று நாணவைக்கும் ஏற்பாடு இது.

ஏடிபி உடைந்த கணமே, அருகிலிருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் தன்னிடமுள்ள பாஸ்பேட்டைக் கொடுத்து அதை மீண்டும் எழுப்பிவிடுகிறது. 1927-இல் ஹார்வர்டில் இப்பொருளைக் கண்டறிந்த இருவரில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். (நம் பாடநூல்கள் அவர் பெயரை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம்.) கிரியேட்டின் பாஸ்பேட்டும் பத்து நொடியளவில் வற்றிவர, தசையின் சர்க்கரைச் சேமிப்பான கிளைகோஜன் ஆக்சிஜனுக்குக் காத்திராமல் சிதைந்து கைகொடுக்கிறது.

அப்போது பிறக்கும் லாக்டேட்டை வெறும் கழிவென்று நெடுநாள் பழித்தோம். இதயமோ அதை எரிபொருளாக ஏற்கிறது. கல்லீரல் அதை மறுபடி குளுக்கோஸாக்கி இரத்தத்தில் அனுப்புகிறது. கார்ல், கெர்ட்டி கோரி தம்பதியர் கண்டுசொன்ன இந்தச் சுழற்சி அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

ஓடி நின்றபின் இரைக்க இரைக்க நாம் உள்ளிழுக்கும் காற்றைக் கொண்டு மைட்டோகாண்ட்ரியாக்கள் பட்ட கடனை அடைக்கத் தொடங்குகின்றன. கிரியேட்டின் பாஸ்பேட்டில் பாதி ஒரு நிமிடத்துக்குள் திரும்பிவிடும். எஞ்சியது சில நிமிடங்களில். கிளைகோஜன் மட்டும் அவசரப்படாது. வெகுநேரம் ஓடித் தீர்த்தவருக்கு அது நிறைய ஒரு நாள் முழுதும் ஆகலாம். இடையில் வயிறாரச் சோறும் வேண்டும்.