உண்ட உதவியும் நின்ற உதவியும்
(யுத்த காலத்து அந்நிய உதவி குறித்துச் சில எண்ணங்கள்)

கும்பகோணத்திலிருந்து ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர்

ஒரு சங்கத்தின் ஐந்தொகையைப் பரிசீலிக்க உட்காரும்போது, அச்சங்கம் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் நாம் எழுந்துவிடுவதில்லை. வாங்கிய பணம் எங்கே போயிற்று என்பதே அடுத்த கேள்வி. அது கிடங்காகவோ, தறியாகவோ, சாயப்பட்டறையாகவோ கண்ணெதிரே நிற்கிறதா? அல்லது அன்றாடச் செலவில் கரைந்து, கடன் மட்டும் ஏட்டில் நிற்கிறதா? சங்கத்தின் எதிர்காலம் இக்கேள்வியின் விடையில் அடங்கியிருக்கிறது என்பதை அங்கத்தினர்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

சங்கத்துக்குப் பொருந்தும் இந்தக் கேள்வி தேசத்துக்கும் பொருந்தும். அதிலும் யுத்த காலத்தில் ஒரு தேசம் வெளிநாடுகளிடம் பெறும் உதவியை இந்தக் கண்கொண்டே பார்க்க வேண்டும். நமது தேசம் 1960களில் இந்தச் சோதனையைக் கடந்து வந்தது. அதன் தடங்கள் நமது காவிரிப் படுகையிலேயே இருக்கின்றன.

யுத்தம் வந்த வேளை

1962 அக்டோபரில் சீனாவுடனும், 1965இல் பாகிஸ்தானுடனும் நாம் போரிட நேர்ந்தது. 1961-62க்கும் 1963-64க்கும் இடையில் நமது பாதுகாப்புச் செலவு இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. போர் எல்லையில் நடந்தாலும், அதன் பாரம் உள்நாட்டில் ஒவ்வொரு தொழிலின் மேலும் விழுந்தது. ரயில் வாகன்களும் இரும்பும் முதலில் ராணுவத்துக்குத் தேவைப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்நியச் செலாவணி அருமையாயிற்று. உழவனுக்கு வேண்டிய ரசாயன உரத்திலும் நெசவாளிக்கு வேண்டிய சாயத்திலும் ஒரு பகுதி கப்பலில் வரவேண்டியிருந்த காலம் அது. ஆதலால் தலைநகரில் ஏற்பட்ட செலாவணி முடை, வயலிலும் தறிக்குழியிலும் உணரப்பட்டது.

இந்த முடையைச் சமாளிக்க வெளிநாட்டு உதவி பல வடிவங்களில் வந்தது. 1958 ஆகஸ்டில் உலக வங்கியின் முயற்சியால் இந்தியாவுக்கு உதவும் நாடுகளின் கூட்டமைப்பு ஒன்று உருவாயிற்று. அதற்கு முன்பே, 1949இல், உலக வங்கி நமக்கு அளித்த முதற்கடன் ரயில்வேக்காகவே வழங்கப்பட்டது. சென்னைத் துறைமுகத்தின் விரிவுக்கும் அவ்வங்கியின் கடன் கிடைத்தது. 1964இல் அங்கே ஜவஹர் துறை திறக்கப்பட்டது. தண்டவாளம், எஞ்சின், கப்பல் துறை என்ற இவையெல்லாம் யுத்தத்துக்கு முன்னும் பின்னும் சரக்குகளைச் சுமந்தன. கடன் கொடுத்தவரின் மனம் மாறினாலும் போட்ட தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

கப்பலில் வந்த கோதுமை

இன்னொரு வடிவத்தில் வந்த உதவி கோதுமை. அமெரிக்காவின் 1954ஆம் ஆண்டுப் பொதுச் சட்டம் 480இன் கீழ் நமக்கு உணவு தானியம் வரத் தொடங்கிற்று. 1960 மே மாதத்து ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளில் 160 லட்சம் டன் கோதுமைக்கும் 10 லட்சம் டன் அரிசிக்கும் வழி செய்தது. டாலரில் அல்லாமல் ரூபாயிலேயே விலை செலுத்தலாம் என்பது அதன் பெரிய சலுகை. பசித்த வயிறுகளுக்கு அந்தத் தானியம் சோறிட்டது. அதை மறுப்பது நன்றி மறப்பதாகும்.

ஆயினும் 1965 நமக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது. அவ்வாண்டின் நடுவில் பழைய ஒப்பந்தம் முடிந்தபோது, ஜனாதிபதி ஜான்சன் நீண்டகால ஒப்பந்தம் செய்ய இசையாமல் சிறுசிறு தவணைகளாகவே தானியத்தை விடுவித்தார். செப்டம்பரில் போர் மூண்டதும், இந்தியா, பாகிஸ்தான் இரண்டுக்கும் புதிய பொருளாதார உதவியை அமெரிக்கா நிறுத்தி வைத்தது. அதே ஆண்டில் வானமும் பொய்த்தது. 1964-65இல் ஏறத்தாழ 890 லட்சம் டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தி, 1965-66இல் ஏறத்தாழ 720 லட்சம் டன்னாக வீழ்ந்தது. 1966இல் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. அடுத்த கப்பல் புறப்பட்டதா என்று கேட்டுவிட்டு உலை வைக்கும் நிலைமை அது. வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி மக்களை வேண்டிக்கொண்டது இந்தச் சூழ்நிலையில்தான்.

வந்த கோதுமை உண்ணப்பட்டுத் தீர்ந்தது. அதற்காகச் சேர்ந்த ரூபாய்க் கடன் ஏட்டில் நின்றது. 1974இல் அக்கணக்கைத் தீர்க்கையில் அமெரிக்கா 1,664 கோடி ரூபாயை நமக்கு விட்டுக்கொடுத்தது. பெருந்தன்மையான செயலே. ஆனால் தீர்வு கொடுத்தவரின் கையில்தான் இருந்தது என்பதையும் நாம் மறத்தற்கில்லை.

நமது ஜில்லாவில் நின்றவை

அதே காலத்தில் நமது தஞ்சை ஜில்லாவுக்கு வேறு வகையான உதவி ஒன்று வந்து சேர்ந்தது. அன்றைய ஜில்லா இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. போர்டு பவுண்டேஷனின் துணையோடு 1960-61இல் தொடங்கிய தீவிர விவசாயத் திட்டத்துக்கு இந்தியாவில் முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு ஜில்லாக்களில் தஞ்சையும் ஒன்று. பெரியவர்கள் இன்றும் அதைப் ‘பாக்கேஜ் திட்டம்’ என்றே சொல்வார்கள். விதை, உரம், பூச்சிமருந்து, கடன், விவசாய ஆலோசனை ஆகிய அனைத்தையும் ஒருசேர, உரிய பருவத்தில், உழவனின் கைக்கு எட்டச் செய்வதே அதன் நோக்கம். கடனும் உரமும் கூட்டுறவுச் சங்கங்களின் வழியாகவே பெரிதும் சென்றன. கிராமச் சங்கம் கடன் பத்திரம் எழுதும் இடமாக மட்டும் இராமல், கிடங்கும் சரக்கும் உள்ள ஸ்தாபனமாக வளர இத்திட்டம் ஒரு காரணமாயிற்று.

விதையின் கதையும் அறியத்தக்கது. 1950களின் தொடக்கத்தில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தின் ஆதரவில் ஜப்பானிய நெல் ரகங்களையும் நமது ரகங்களையும் ஒட்டுச் சேர்க்கும் வேலை கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்தது. அவ்வழியில், ஜப்பானிய நோரின் 10 ரகத்தையும் நமது ஜி.இ.பி. 24 ரகத்தையும் கொண்டு, கும்பகோணத்துக்கு அருகிலுள்ள ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1960களின் நடுவில் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால ரகத்தை வெளியிட்டது. குறுவைக்கு ஏற்ற அந்நெல் சில ஆண்டுகளுக்குள் படுகை முழுவதும் பரவிற்று. கோதுமையாக வந்த உதவி ஒரு பருவத்துப் பசியைத் தீர்த்தது. விதையாகவும் அறிவாகவும் வந்த உதவி பருவந்தோறும் முளைத்தது.

விளைச்சல் பெருகியதும் புதிய இடர் ஒன்று தோன்றிற்று. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வருவதால், ஈர நெல்லைக் காக்கும் வழி வேண்டியிருந்தது. 1967இல் திருவாரூரில், தஞ்சைக் கூட்டுறவு மார்க்கெட்டிங் பெடரேஷனின் நவீன அரிசி ஆலை வளாகத்தில், இதற்கென ஓர் ஆய்வுக்கூடம் சிறிய அளவில் தொடங்கப்பட்டது. அதுவே படிப்படியாக வளர்ந்து, இன்று தஞ்சாவூரில் தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமாக விளங்குகிறது. இந்திய உணவுக் கழகமும் 1965 ஜனவரி 14ஆம் தேதி, பொங்கல் திருநாளில், தனது முதல் ஜில்லா அலுவலகத்தைத் தஞ்சாவூரிலேயே கொண்டு பிறந்தது.

இவ்வளவு சொன்ன பின்னர் மறுபக்கத்தையும் சொல்லாதிருப்பது நேர்மையாகாது. உதவி நின்றால் மட்டும் போதாது. அது யாருக்கு நிழல் தருகிறது என்றும் கேட்க வேண்டும். நிலமும் ஜாமீனும் உடையவர்க்குக் கடனும் உரமும் எளிதில் எட்டின. குத்தகைதாரர்க்கு அவ்வளவு எட்டவில்லை. கூலியாட்களுக்கு விளைச்சலின் பங்கு எட்டுவது அதனினும் அரிதாயிற்று. 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையானதற்கு முன்னே நின்றது கூலித் தகராறுதான் என்பதைப் படுகையில் வாழும் நாம் மறக்கலாகாது.

கைத்தறித் துணி கடல் கடந்தது

இனி நெசவாளர் பக்கம் பார்ப்போம். கடனை அடைக்க அந்நியச் செலாவணி வேண்டும். அதைச் சம்பாதிக்க ஏற்றுமதி வேண்டும். சாயம் கசியும் கட்டம் போட்ட சென்னைக் கைத்தறித் துணி, 1958ஆம் ஆண்டளவில் நியூயார்க்கை அடைந்தது. சலவையில் நிறம் ஓடுகிறதென்று வாங்கியவர்கள் முதலில் சினந்தார்கள். அந்தக் கசிவையே அதன் அழகாக விளம்பரப்படுத்தியதும், ‘பிளீடிங் மெட்ராஸ்’ என்ற பெயரில் அத்துணிக்கு 1960களின் நடுவில் பெருங்கிராக்கி ஏற்பட்டது. தறிகள் இரவும் பகலும் ஓடின. சில ஆண்டுகளில் நாகரிகம் மாறிற்று. கிராக்கி விழுந்ததும், அந்த ஒரே சரக்கை நம்பியிருந்த தறிகள் வேலையின்றி நின்றன.

அதற்கிடையில், 1966 ஜூன் 6ஆம் தேதி ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஒரு டாலருக்கு ரூ.4.76 என்றிருந்தது ரூ.7.50 ஆயிற்று. நின்றுபோன உதவி மீண்டும் வருவதற்கு உதவும் நாடுகள் இதனை எதிர்பார்த்தன. நம் சரக்கு அயல்நாட்டில் மலிவாகும், ஏற்றுமதி பெருகும் என்பது வாதம். ஆனால் ஏற்றுமதியாளர்க்கு அளித்துவந்த இறக்குமதி உரிமைச் சலுகைகள் அதே சமயத்தில் நீக்கப்பட்டன. வறட்சியால் மூலப்பொருளும் குறைந்தது. எதிர்பார்த்த பெருக்கம் உடனே வரவில்லை. விலையைக் குறைப்பது மட்டும் சந்தையைத் தந்துவிடாது என்பது அனுபவம்.

இன்றைய உதாரணம்

இவை பழங்கதை என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. 2022 பிப்ரவரி 24ஆம் தேதி ருஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தபோது, உக்ரேனிய தானியத்தின் பெரும்பகுதி கடல் கடக்கும் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. நம் வீட்டு அடுப்படியில் சூரியகாந்தி எண்ணெயின் விலை ஏறியதற்கும் இது ஒரு காரணம். உழவர் விளைத்ததை விற்க வழியில்லை. விற்காவிடில் அடுத்த விதைப்புக்குப் பணமில்லை.

அப்போது வந்த உதவியில் கணிசமான பங்கு, விற்பனைப் பாதையைத் திறப்பதற்கே செலவிடப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் 2022 மே மாதத்தில் தரை வழியாகவும் தன்யூப் ஆற்றுத் துறைகள் வழியாகவும் மாற்றுப் பாதைகளை அமைத்தன. உக்ரேனின் ரயில் பாதை 1,520 மில்லிமீட்டர் அகலம். அண்டை நாடுகள் பலவற்றில் 1,435 மில்லிமீட்டர். எல்லையில் தானியத்தை ஒரு வாகனிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற வேண்டும். நெடுங்காலம் மீட்டர் கேஜ் பாதையில் நெல் அனுப்பிய நமக்கு, மாற்றி ஏற்றுவதால் ஆகும் கூலியும் காலதாமதமும் சேதாரமும் விளக்க வேண்டாதவை. அமெரிக்க உதவி ஸ்தாபனமும் 2022 ஜூலையில் விதை, உரம், சேமிப்பு, போக்குவரத்து ஆகியவற்றுக்கென ஒரு திட்டம் தொடங்கிற்று. அதே மாதம் 22ஆம் தேதி இஸ்தான்புல்லில் கையெழுத்தான உடன்பாட்டின்படி, ஓராண்டில் ஏறத்தாழ 330 லட்சம் டன் தானியமும் பிற உணவுப் பொருள்களும் கருங்கடல் வழியே சென்றன.

பின்னர் நடந்தது என்ன? 2023 ஜூலை 17ஆம் தேதி ருஷ்யா அவ்வுடன்பாட்டிலிருந்து விலகிற்று. 2025 ஜூலை 1ஆம் தேதியோடு அமெரிக்க உதவி ஸ்தாபனம் தன் வேலைகளை நிறுத்திக்கொண்டது. ஆனால் உக்ரேன் 2023 ஆகஸ்டிலிருந்து மேற்குக் கரையை ஒட்டிச் சொந்தக் கடற்பாதை வகுத்துத் தானியம் அனுப்பத் தொடங்கிவிட்டது. கொடுத்த கை விலகிய பிறகும் நின்றது, கட்டிய பாதையும் விற்கும் பழக்கமுமே.

நமக்குரிய படிப்பினை

சர்க்கார் மானியமாயினும், வங்கிக் கடனாயினும், வெளிநாட்டுத் திட்டமாயினும், சங்கத்துக்கு வரும் உதவி அனைத்துக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். துன்பம் வந்த நாளில் உண்ணக் கொடுக்கும் உதவியை நன்றியோடு ஏற்போம். ஆனால் அதை வருஷாந்தர வருமானமாக எண்ணி வரவு செலவுத் திட்டம் போடலாகாது. கிடைப்பதில் ஒரு பகுதியாவது உலர்களமாக, கிடங்காக, சாயப்பட்டறையாக, சேமநிதியாக நிற்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே சரக்கையும் ஒரே சந்தையையும் நம்பலாகாது. 2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி முதல் இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, திருப்பூரும் கரூரும் பட்ட கலக்கத்தை நாம் பார்த்தோம். பிளீடிங் மெட்ராஸ் கற்பித்த பாடமும் அதுவே.

மூன்றாவது, தரமே நமது சொந்தத் துறைமுகம். 1955இல் தொடங்கிய திருபுவனம் பட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயர், சேலை வாங்குவோரிடையே ஒரு முத்திரையாக இருக்கிறது. 2019இல் திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சரிகையிலும் இழையிலும் குறை வையாத பல்லாண்டு உழைப்பு ஈட்டித் தந்தது அது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. கைக்கு வருவதையும் அளந்து பார்க்க வேண்டும் என்று நாம் சேர்த்துக்கொள்வோம். அடுத்த பொதுச்சபைக் கூட்டத்தில் ஐந்தொகை படிக்கப்படும்போது, அங்கத்தினர் ஒவ்வொருவரும் எழுந்து ஒரு கேள்வி கேட்கட்டும்: “சென்ற வருஷம் வந்த உதவியில் இன்று நிற்பது எது?” விடை சொல்லக்கூடிய சங்கத்துக்கு, உதவி நின்றுபோகும் நாளிலும் தறி ஓடும், களத்தில் நெல் காயும்.