மலைக் குளிரும் என்ஜின் சூடும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்திலுள்ள வெல்லவாயவில் புறப்படும் கார், முப்பது கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில், இராவணன் அருவியைக் கடந்து, 1,000 மீற்றர் உயரத்திலுள்ள எல்ல நகரை அடைகிறது. அதற்கு மேலே பண்டாரவளை 1,200 மீற்றரையும் ஹப்புத்தளை 1,400 மீற்றரையும் தாண்டி நிற்க, இலங்கையின் ஊவா மாகாணத் தலைநகரான பதுளை 700 மீற்றருக்குச் சற்றுக் குறைவான பள்ளத்தாக்கில் அமைந்திருக்கிறது. ஒரே நாளில் இத்தனை உயர வேறுபாட்டைக் கடக்கும் ஊவா மாகாணத்தில், ஸ்போர்ட்ஸ் செடான் எனப்படும் கார், அதாவது நான்கு கதவுக் குடும்பக் காரின் உடலுக்குள் போட்டிக் காரின் வலுவை அடக்கிய வாகனம், மேலும் வலுவூட்டப்படும்போது, அதன் வெப்பத்தை எப்படி வெளியேற்றுவது என்பதே முதற் கேள்வியாகிறது. மலையில் குளிர் இருப்பதால் என்ஜின் எளிதில் சூடேறாது என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அந்த எண்ணம் பாதியளவே சரியானது, டர்போ பொருத்திய என்ஜின்களைப் பொறுத்தவரை அந்தப் பாதியும் ஆபத்தானது.

நரி மலையின் தடம்

இந்தக் கேள்வி ஊவாவில் மிகக் கடுமையாக எழும் இடம் தியத்தலாவை. 1900இல் போயர் போர்க் கைதிகளை அடைத்து வைத்த முகாமாகப் பெயர் பெற்று, பின்னர் இராணுவ நகராக வளர்ந்த இவ்வூரில், ‘பொக்ஸ் ஹில்’ (நரி மலை) என்ற குன்றை ஒட்டிய மண் தடத்தில், 1993 முதல் ‘பொக்ஸ் ஹில் சுப்பர்குரொஸ்’ பந்தயம் நடத்தப்பட்டு வந்துள்ளது. அண்டை மாகாணத்தில், நுவரெலியாவின் மஹகஸ்தோட்டையில் 1934இல் தொடங்கிய மலையேற்றப் பந்தயம் தார்ச் சாலையில் ஒவ்வொரு காராக ஏறும் குறுகிய ஓட்டமாக இருக்க, தியத்தலாவைப் பந்தயமோ செம்மண் தூசிக்குள் பல கார்கள் ஒன்றையொன்று தொடர்ந்து சுற்றும் ஓட்டமாக இருப்பதால், முன்னே செல்லும் கார் எழுப்பும் தூசியும் அது கக்கும் சூடான காற்றும் பின்னால் வரும் காரின் ரேடியேட்டருக்குள்ளேயே புகுகின்றன.

இத்தகைய தடங்களில் வலுவின் உச்சத்தில் நிற்பவை மிட்சுபிஷி லான்சர் எவொலூஷன், சுபாரு இம்பிரெசா ஆகிய இரு ஜப்பானியச் செடான்கள். இரண்டும் 1992இல் உலக ராலிப் பந்தயங்களைக் கருதி வெளியிடப்பட்டவை. இரண்டும் ஏறத்தாழ 2 லீற்றர் கொள்ளளவுள்ள டர்போ என்ஜினையும் நான்கு சக்கர இயக்கத்தையும் கொண்டவை. ஜப்பானிய உற்பத்தியாளர்கள் தமக்குள் வைத்திருந்த 280 குதிரை வலு என்ற எல்லை 2004 வரை நீடித்தபடியால், அதுவரையான ஆண்டுகளில் இவ்விரு வகைகளுக்கிடையே நடந்த போட்டியின் பெரும்பகுதி, கூட்டிய வலுவைக் காகிதத்தில் காட்டுவதைவிட, இருக்கும் வலுவை நீண்ட நேரம் தாங்குவதில் அமைந்தது. 1999இல் வந்த எவொலூஷன் ஆறாம் வகையில் இலக்கத் தகடு நடுவிலிருந்து ஒரு பக்கமாக நகர்த்தப்பட்டதும், பனிமூட்ட விளக்குகள் சிறிதாக்கப்பட்டதும் அழகுக்காக அல்ல. ரேடியேட்டருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பானுக்கும் காற்று தடையின்றிச் செல்வதற்காகவே.

உயரம் கூட்டுவதும் குறைப்பதும்

என்ஜினுக்குள் எரியும் பெற்றோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுழற்சி வலுவாகவும், மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே செல்லும் சூடாகவும், எஞ்சிய பங்கு என்ஜினைச் சுற்றியோடும் குளிர்நீரிலும் எண்ணெயிலும் கலந்து வெளியேற்றப்பட வேண்டிய வெப்பமாகவும் மாறுகின்றன. ஆகவே, 280 குதிரை வலு, அதாவது சுமார் 206 கிலோவாட் வலுவை முழுதாக வெளியிடும் என்ஜின், அதற்குச் சற்றுக் குறைவான அளவு வெப்பத்தை அதே வேளையில் ரேடியேட்டரிடமும் எண்ணெய்க் குளிர்விப்பானிடமும் ஒப்படைக்கிறது. அந்த வலுவை 350 ஆக உயர்த்துபவர், வெப்பத்தையும் அதே விகிதத்தில் உயர்த்துகிறார்.

ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம் இரண்டைச் சார்ந்தது: குளிர்நீருக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு, ரேடியேட்டரின் ஊடே செல்லும் காற்றின் நிறை. வெல்லவாயவில் காற்று 32 பாகை செல்சியசாகவும் தியத்தலாவையில் 20 பாகையாகவும் இருக்கும் ஒரு நாளில், 95 பாகையிலுள்ள குளிர்நீருக்குக் கிடைக்கும் வேறுபாடு 63இலிருந்து 75ஆகக் கூடுகிறது. இது மலையின் கொடை. ஆனால் 1,400 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 13 வீதம் குறைவு. அதே வேகத்தில் அதே ரேடியேட்டரின் ஊடே செல்லும் காற்று அந்த அளவுக்கு இலேசானதாக இருப்பதால், குளிர் கொடுத்ததில் பெரும்பகுதியை உயரம் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

இதோடு முடிவதில்லை. டர்போ இல்லாத என்ஜின், காற்று இலேசாக இலேசாக வலுவை இழப்பதால், வெப்பத்தையும் குறைவாகவே உண்டாக்குகிறது. போர்ட் லேசர், நிசான் சன்னி போன்ற பழைய கார்கள் ஹப்புத்தளைப் பாதையில் மூச்சுத் திணறினாலும் கொதிக்காமல் ஏறிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். டர்போ என்ஜினோ, புகையின் வேகத்தால் சுழலும் விசிறியைக் கொண்டு காற்றை அழுத்திச் செலுத்துவதால், இழந்த அடர்த்தியை ஈடுசெய்ய இன்னும் வேகமாகச் சுழல்கிறது. கடல் மட்டத்தில் காற்றை இருமடங்காக அழுத்தும் டர்போ, தியத்தலாவை உயரத்தில் அதே இறுதி அழுத்தத்தைத் தருமாறு அமைக்கப்பட்டிருந்தால், ஏறத்தாழ 2.4 மடங்கு அழுத்த வேண்டும். 70 வீதத் திறனில், 20 பாகைக் காற்று கடல் மட்டத்தில் சுமார் 110 பாகைக்குச் சூடேறும் எனில், மலையில் 140 பாகையை நெருங்கும். அச்சூட்டைத் தணிக்க ரேடியேட்டருக்கு முன்னால் வைக்கப்படும் இன்டர்கூலர், தான் உறிஞ்சிய வெப்பத்தைப் பின்னாலிருக்கும் ரேடியேட்டரின் முகத்திலேயே கொட்டுகிறது. வலு குறையவில்லை, வெப்பமும் குறையவில்லை, அதை ஏற்றுச் செல்லும் காற்று மட்டும் மெலிந்துவிட்டது என்பதே மலையேறும் டர்போ காரின் நிலை.

கொதிநிலையும் இதே கணக்கில் அடங்கும். 1,400 மீற்றரில் திறந்த பாத்திரத்து நீர் 95 பாகை அளவிலேயே கொதிக்கிறது. ரேடியேட்டர் மூடி, உள்ளே வளிமண்டலத்தைவிட ஏறத்தாழ 1.1 பார் கூடுதல் அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால், கொதிநிலை 119 பாகைக்கு உயர்கிறது. ஆனால் மூடியின் இரப்பர் வளையம் தளர்ந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் மறைந்து, மலையுச்சியில் வெறும் நீரின் நிலையே எஞ்சும். சில நூறு ரூபாய் மிச்சப்படுத்த மாற்றாமல் விடப்படும் மூடி, லான்சரின் வார்ப்பிரும்புத் தொகுதியின் மேல் அமர்ந்துள்ள அலுமினிய ஹெட்டை வளைத்து, இடையிலுள்ள கேஸ்கட்டை எரித்துவிடப் போதுமானது.

மாற்றத்தின் வரிசை

2020 மார்ச்சில் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தபடியால், இலங்கையில் ஓடும் இவ்வகைக் கார்களிற் பல இருபது ஆண்டுகளைக் கடந்தவை. கிணற்று நீரையே ரேடியேட்டரில் ஊற்றி வந்த காரின் நீர்ப்பாதைகளில், குறிப்பாக வெல்லவாய, மொனராகலை போன்ற உலர்ந்த பகுதிகளின் கடின நீர் பயன்பட்டிருந்தால், சுண்ணப் படிவும் துருவும் சேர்ந்து வெப்பத்தைத் தடுக்கும் போர்வையாகின்றன. எனவே எந்த மாற்றத்துக்கும் முன்னர், பாதைகளைக் கழுவி, மூடி, குழாய்கள், நீர்ப் பம்பு ஆகியவற்றைப் புதுப்பித்து, கனிமம் நீக்கிய நீரோடு கூலண்ட் கலந்து நிரப்புவதே முதற்படி. பாதிக்குப் பாதி கூலண்ட் சேர்த்த கலவை வெறும் நீரைவிட ஏறத்தாழ 15 முதல் 20 வீதம் குறைவான வெப்பத்தையே சுமக்கும். உறைபனி அரிதான ஊவாவில், துருவைத் தடுக்கப் போதுமான மூன்றிலொரு பங்கோடு நிறுத்திக்கொள்வது பொருத்தமானது. கிடையான என்ஜினைக் கொண்ட சுபாருவில் காற்றுக் குமிழிகள் எளிதில் சிக்கிக்கொள்வதால், காரின் மூக்கு உயர்ந்திருக்கும்படி நிறுத்தி நிரப்ப வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் என்ஜின் குளிரும் என்பது கராஜ்களில் நெடுங்காலமாக நிலவும் வழக்கம். குறித்த வெப்பநிலையில் திறந்து, நீரை ரேடியேட்டருக்கு அனுப்பும் இவ்வால்வு, பல என்ஜின்களில் ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் குறுக்கு வழியையும் அடைக்கிறது. அதைக் கழற்றினால் சூடான நீரின் ஒரு பகுதி ரேடியேட்டரைக் காணாமலே என்ஜினுக்குத் திரும்புவதால், இறக்கத்தில் அளவுக்கு மீறிக் குளிர்வதும் ஏற்றத்தில் அளவுக்கு மீறிச் சூடேறுவதுமாக இரு தீங்குகளும் ஒருங்கே விளைகின்றன.

இரண்டாம் படி காற்றின் பாதை. ஊவாத் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை வாட்டும் தொட்டியின் அடியிலிருந்து விசிறி காற்றைச் செலுத்தும்போது, கொழுந்து ஒரு மூலையில் மெல்லியதாகப் பரப்பப்பட்டிருந்தால் காற்று முழுவதும் அவ்வழியே தப்பி, எஞ்சிய கொழுந்து வாடாமல் கிடக்கும். காரின் முன்புறத் திறப்புக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள இடைவெளிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. அவ்விடைவெளிகளைத் தகட்டாலும் நுரை இரப்பராலும் அடைத்து, விசிறிக்கு முழு உறை அமைப்பது, விலையுயர்ந்த தடித்த அலுமினிய ரேடியேட்டரைவிடப் பலன் தரக்கூடும். தடிப்பு கூடக் கூடக் காற்று நுழைவது கடினமாவதால், மெதுவாக ஏறும் மலைப் பாதையில் தடித்த ரேடியேட்டர் வலுவான விசிறியின்றிப் பயனற்றுப் போவதும் உண்டு. போனட்டின் பின்முனையை வளையங்கள் வைத்து உயர்த்துவதும் இவ்வகைத் தவறே; ஓடும் காரில் முன் கண்ணாடியின் அடிப்பகுதி அழுத்தம் கூடிய இடமாதலால், சூடான காற்று அவ்வழியே வெளியேறுவதற்குப் பதிலாக வெளிக்காற்றே உள்ளே திரும்பக்கூடும். வெளியேற்றும் துளைகள் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், போனட்டின் முன்பாதியில் அமைய வேண்டும். பொக்ஸ் ஹில் போன்ற மண் தடத்தில் ஓடும் காருக்கு, ரேடியேட்டர் இதழ்களில் படிந்த சேற்றையும் புல் விதையையும் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகக் கழுவுவதும் இதில் அடங்கும்.

எண்ணெய்க்குத் தனிக் குளிர்விப்பான் மூன்றாம் படி. வலுவைக் கூட்டுவது, அதாவது டர்போ அழுத்தத்தை உயர்த்துவதும் என்ஜின் கணினியைத் திருத்துவதும், இவற்றுக்குப் பின்னரே வரவேண்டும். ஜப்பானில் 100 ஒக்டேன் அளவிலான பெற்றோலுக்கென அமைக்கப்பட்ட இந்த என்ஜின்கள் இலங்கையின் 95 ஒக்டேனில் ஓடும்போது, நேரமல்லா நேரத்தில் எரியும் தட்டலைத் தவிர்க்கக் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. தாமதித்த எரிதல் புகையின் சூட்டைக் கூட்டி, குளிர்விக்கும் அமைப்பின் சுமையையும் கூட்டுகிறது. உள்ளூர் எரிபொருளுக்கேற்பத் திருத்தப்படாத கணினியின் மேல் அழுத்தத்தை உயர்த்துவது, வலுவை அல்ல, வெப்பத்தையே விலைக்கு வாங்குவதாகும். என்ஜினையே மாற்றுவது போன்று பதிவுச் சான்றிதழின் விவரங்களை மாற்றும் வேலைகள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட வேண்டும் என்பதையும் இங்கு கருத வேண்டும்.

சோதிக்கும் சாலை

வலு ஓடுதடத்தின் பாதுகாப்பை மிஞ்சும்போது நேர்வதை 2024 ஏப்ரல் 21 காட்டியது: பொக்ஸ் ஹில் பந்தயத்தில் தடம் விலகிய கார் பார்வையாளர் கூட்டத்துக்குள் புகுந்ததில், ஒரு சிறுமி உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். குளிர்விப்புக்கும் அவ்விபத்துக்கும் தொடர்பில்லை. எனினும் காரைச் சுற்றியுள்ள ஒவ்வொன்றும் அதன் வலுவுக்கு ஈடாக இருக்கவேண்டும் என்ற விதி இரண்டுக்கும் பொதுவானது.

அவ்விதியைச் சரிபார்க்கப் பந்தயத் தடம் தேவையில்லை. யூலை முதல் செப்டெம்பர் வரை, மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் கச்சான் காற்று ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தரும் பருவத்தில், நண்பகலில், குளிரூட்டியை இயக்கியபடி, சட்ட வேகத்துக்குள் வெல்லவாயவிலிருந்து எல்ல வரை ஏறிப் பார்ப்பதே போதும். காரோடு வந்த வெப்பமானி பெரும்பாலும் பரந்ததொரு வீச்சில் நடுவிலேயே நிற்குமாறு அமைக்கப்பட்டிருப்பதால், குளிர்நீர், எண்ணெய், உட்செல்லும் காற்று ஆகிய மூன்றுக்கும் தனி அளவிகள் பொருத்தப்பட வேண்டும். ஏற்றம் முழுவதும் அளவுகள் ஏறிக்கொண்டேயிருந்தால் அந்தக் காரின் குளிர்விக்கும் திறனில் கையிருப்பு ஏதுமில்லை. ஓர் அளவில் நிலைத்து, எல்லவில் என்ஜினை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஓடவிட்டபின் தெர்மோஸ்டாட்டின் அளவுக்கு இறங்கினால் கையிருப்பு உண்டு. அந்தக் கையிருப்பு எவ்வளவோ அவ்வளவே அந்தக் காருக்கு மேலும் ஏற்றத்தகுந்த வலு.